மூழ்கிப்போன நகை: குமரி மாவட்டத்தில் ஆறு நாட்கள்

முதல் நாள், செவ்வாய்: கன்னியாகுமரி

நேற்று மாலை எழும்பூரில் ஏறிய ரயில், வெயில் ஏறுவதற்கு முன்பே என்னைக் கன்னியாகுமரியில் இறக்கிவிட்டது. என் சொந்த ஊர் நெய்யூருக்கு அருகில் இருக்கிறது; நாகர்கோவிலிலேயே இறங்கியிருந்தால் காலை உணவுக்கு அக்கா வீட்டில் இருந்திருப்பேன். அப்படிச் செய்யாமல் தண்டவாளம் முடியும் இடம் வரை வந்ததற்குக் காரணம் உண்டு. இது ஈஸ்டருக்கு முந்தைய பாடுகளின் வாரம். இந்த வாரம் முடிவதற்குள் ஒருவரிடம் நான் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 23 ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த காரியம் அது. சம்பந்தப்பட்டவரிடம் சொல்லும் முன் உங்களிடம் சொல்வது முறையன்று என்பதால் இப்போதைக்கு இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அதைச் சொல்லும் துணிவு வேண்டி, பாவிகளைத் தேடி வரும் கிருபையைப் பற்றி நம் மாவட்டத்து மண் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறதோ, அவற்றில் சிலவற்றையாவது நேரில் பார்த்துவிட்டு வீடு சேரலாம் என்று புறப்பட்டிருக்கிறேன்.

விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் நேராக மீனவர் குடியிருப்பை நோக்கி நடந்து, வெண்ணிறக் கோபுரங்களோடு கடலோரத்தில் நிற்கும் அலங்கார உபகார மாதா ஆலயத்துக்குச் சென்றேன். நாங்கள் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையார்; கத்தோலிக்கர் அல்லர். உபகார மாதா என்ற பெயரைச் சிறுவயதில் கேட்டபோது, உதவி செய்கிற மாதா என்று மட்டுமே பொருள்கொண்டிருந்தேன். அந்தப் பெயருக்குப் பின்னால் சிறைப்பட்டவர்களை விலைகொடுத்து மீட்ட வரலாறு இருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். 1218ஆம் ஆண்டு பார்சலோனா நகரில் பீட்டர் நொலாஸ்கோ என்பவர் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். மத்தியதரைக் கடற்பகுதியில் பிடிபட்டு அடிமைகளாக்கப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்பதே அச்சபையின் பணி. ஊர் ஊராகப் பணம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து அவர்களை அழைத்துவந்தார்கள். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்று எல்லாத் துறவிகளும் எடுக்கும் மூன்று வாக்குறுதிகளோடு அவர்கள் நான்காவதாக ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள்: தேவைப்பட்டால், சிறைப்பட்டவனை அனுப்பிவிட்டு அவனுக்குப் பிணையாகத் தாமே அங்கே தங்கிவிடுவது. அந்தச் சபையார் போற்றிய மாதாவின் பெயரில்தான் நம் கடற்கரையிலும் கோயில் எழுந்திருக்கிறது.

ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து மீட்பு என்ற சொல்லையே நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேதாகமத்தில் அதைக் காணும் முன்பே எங்கள் வீட்டில் நான் அதைக் கேட்டிருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். கிறிஸ்துமஸுக்குள் அதை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று அப்பா அலைவார். "நகையை மீட்டாச்சா?" என்பதுதான் டிசம்பரில் எங்கள் வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி. ஆகவே, "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்று மாற்கு சுவிசேஷத்தில் வாசிக்கப்பட்டபோது, தமிழில் அதைக் கேட்ட எனக்கு உரையாசிரியர் யாரும் தேவைப்படவில்லை. அடகில் கிடக்கும் நகை தன்னைத் தானே மீட்டுக்கொள்ளாது. பெட்டகத்தில் கிடந்தபடி அது எவ்வளவு மினுங்கினாலும், வெளியே இருந்து ஒருவர் முதலையும் வட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் அது வீட்டுக்கு வரும். கெடு தாண்டிவிட்டால் நகை மூழ்கிப்போயிற்று என்பார்கள். ஒரு நகை எப்படி மூழ்கும் என்பதை நான் அறிவேன்.

இரண்டாம் நாள், புதன்: மயிலாடி, நாகர்கோவில்

மயிலாடிக்குள் பேருந்து நுழையும்போதே உளிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. சாலையின் இருபுறமும் கல் தச்சர்களின் பட்டறைகள். பாதி முடிந்த சிலைகளும் தூண்களும் கல்தூசி படிந்து நிற்கின்றன. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையின் வரலாறு தொடங்கிய ஊர் இது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரைச் சேர்ந்த மகராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். ஊரும் சமூகமும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்திருந்த குலத்தில் பிறந்தவர் அவர். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கியபோது அங்கே சுவிசேஷத்தைக் கேட்டு, திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்கு வந்தார். தம் ஊருக்கும் ஒரு போதகர் வேண்டும் என்று அவர் வருந்தி அழைத்ததன் பயனாக, 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். 1809இல் இங்கே ஆலயம் எழுந்தது.

ரிங்கல்தௌபே ஐயரைப் பற்றி (போதகரை ஐயர் என்பது எங்கள் வழக்கம்) எங்கள் சபைகளில் பேசும்போது பெரும்பாலும் ஒரு மாசற்ற வீரரைப் போலவே வரைந்துவிடுகிறோம். எனக்கு அவர் வேறு விதமாகத்தான் நெருக்கமானவர். தமக்கு வந்த சம்பளத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் எளிய குடிலில் வாழ்ந்த அவர், யாரோடும் எளிதில் பொருந்திப்போகாதவராகவும், தனிமையிலும் மனச்சோர்விலும் வாடியவராகவும் இருந்தார். 1816இல் உடல் நலிந்து இவ்வூரை விட்டுப் புறப்பட்டபோது, பணியின் பொறுப்பை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்தார். தலையில் ஒரு வைக்கோல் தொப்பியும், அணிந்துகொள்ள ஒழுங்கான மேலங்கி இல்லாத கோலமுமாக அவர் சென்னைக்கு வந்ததைக் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதன்பின் கிழக்கே கப்பல் ஏறியவரின் முடிவு இன்றுவரை யாருக்கும் தெரியாது. கல்லறை கூட இல்லாத மனிதர் அவர்.

அவரிடம் என்னை ஈர்ப்பது, தம் சபையாரைப் பற்றி அவர் வைத்திருந்த உண்மை. தம்மிடம் வந்தவர்களில் பலர் தலைவரியிலிருந்தும் கூலியில்லா ஊழிய வேலையிலிருந்தும் தப்பலாம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் என்பதை அவர் தம் கடிதங்களில் மறைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் அது உண்மையான மனமாற்றமா?" என்று ஏளனமாகக் கேட்பவர்களை நான் அறிவேன். முதுகில் சுமை இருப்பவன் சுமையை இறக்கிவைக்க இடம் தேடி வருவதில் என்ன பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. இயேசு சொன்ன கதையில், வீட்டை விட்டுப் போன கெட்ட குமாரன் கூட அப்பாவின் மேல் கொண்ட அன்பினால் எழுந்து வரவில்லை. பசித்தது, அப்பா வீட்டில் கூலிக்காரருக்கும் சாப்பாடு உண்டு என்பது நினைவுக்கு வந்தது, எழுந்தான். அவன் வந்த காரணத்தைத் தகப்பன் விசாரித்ததாக லூக்கா எழுதவில்லை. தூரத்தில் கண்டவுடன் ஓடினார் என்றே எழுதியிருக்கிறார்.

பிற்பகலில் நாகர்கோவில் வந்தேன். 1819இல் அடிக்கல் இடப்பட்ட ஹோம் சர்ச்சில் சிறிது நேரம் இருந்தேன். அதே ஆண்டு இவ்வூருக்கு வந்த மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா, பெண்பிள்ளைகளுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்த லேஸ் பின்னிய காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்லுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைகளை விடுவிக்கும் அரசாணை வந்தது 1855இல்தான். நேற்று நான் நகையை வைத்துச் சிந்தித்த சொல்லை இந்த மண்ணில் மனிதர்கள் தங்கள் உடலை வைத்தே அறிந்திருக்கிறார்கள். அந்த நினைவோடு எழுதும்போது, என் சின்ன அடகுக் கதையைப் பெரிதாக்கிவிடக் கூடாது என்ற அச்சமும் வருகிறது.

மூன்றாம் நாள், வியாழன்: கோட்டாறு, உதயகிரி

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இன்று மாலை வழிபாட்டுக்கான ஆயத்தங்கள் காலையிலேயே தொடங்கியிருந்தன. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் நாள். காட்டிக்கொடுக்கப்போகிறவனின் கால்களும் அந்த வரிசையில் இருந்தன என்பது ஒவ்வொரு ஆண்டும் என்னைத் தைக்கிறது.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்ய மக்கள் வரிசையில் நின்றார்கள். கொண்டையில் பூ வைத்த ஒரு கிழவி, பள்ளிச் சீருடை அணிந்த இரு பையன்கள், தோளில் துண்டோடு மீன்பிடித் தொழிலாளர் சிலர். ஒருவர் போய் மண்டியிட்டுப் பேசிவிட்டு எழுந்து வருவதற்குச் சில நிமிடங்கள் கூட ஆகவில்லை. நாங்கள் ஞாயிறுதோறும் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே குரலில் பாவ அறிக்கை செய்கிறோம். அது நல்லதுதான், ஆனால் அந்தக் கூட்டுக்குரலுக்குள் என் குரலை 23 ஆண்டுகள் ஒளித்துவைத்துக்கொள்ள என்னால் முடிந்திருக்கிறது. ஒரு மனிதரின் காதருகே போய், "நான் இதைச் செய்தேன்" என்று பெயர் சொல்லி உரைப்பதை வேறு வகையான காரியமாக உணர்ந்தேன்.

இந்த ஆலயத்தில்தான் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரசின் அதிகாரியாக இருந்தவர். வீட்டில் இழப்புகள் அடுத்தடுத்து வந்து மனம் உடைந்திருந்த காலத்தில், டச்சுக்காரர்களிடம் படைத்தலைவராக இருந்து சிறைப்பட்ட டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் புட்டாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். 1749இல் கைது செய்யப்பட்டு, எருமையின் மேல் பின்புறம் பார்த்து உட்காரவைக்கப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். குலப் பெருமையில் வளர்ந்த ஒருவர் தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகியதே அவர் மீது எழுந்த கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டப்பட்ட ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. எங்கள் சீர்திருத்த சபைகளும் இந்தக் குற்றத்தில் கைகழுவிக்கொள்ள முடியாது. கிருபையைப் பிரசங்கித்த வாய்களே சுவர்களையும் எழுப்பின. அந்தச் சுவரையும் அறிந்தேதான் ஆண்டவர் இந்தச் சபையை விட்டுப் போகாமல் இருந்தார் என்பதை நினைக்கும்போது ஆறுதலும் வெட்கமும் ஒன்றாக வருகின்றன.

வெயில் தணிந்த பிறகு புலியூர்க்குறிச்சிக்குப் போய், உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறையைப் பார்த்தேன். கூரையில்லாத ஒரு சிற்றாலயத்தின் இடிபாடுகளுக்குள் அது இருக்கிறது; லத்தீனிலும் தமிழிலும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 1741இல் குளச்சலில் தோற்று, மார்த்தாண்டவர்மரிடம் கைதியானவர். பின்பு அதே அரசரின் படையைப் பயிற்றுவித்து, வலிய கப்பித்தான் (பெரிய படைத்தலைவர்) என்று மக்களால் அழைக்கப்பட்டு, 1777இல் இங்கேயே மறைந்தார். போர்த்தொழிலே அவர் வாழ்வு; அவர் பழக்கிய படைகளால் எத்தனையோ சிறு நாடுகள் வீழ்ந்தன. தோற்றுப்போன ஒரு படைவீரர், அந்நிய மண்ணில் கைதியாக இருந்தபடி, சோர்ந்துபோன ஒரு நண்பருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். புனிதரை உண்டாக்கிய அந்த உரையாடலுக்குப் புனிதர் ஒருவர் தேவைப்படவில்லை.

கோட்டை வாசலில் அக்கானி (பதநீர்) விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். இங்கிருந்து ஊர் மிக அருகில். நாளை காலை போகிறேன். இரவு உறக்கம் வருமா என்று தெரியவில்லை.

நான்காம் நாள், புனித வெள்ளி: நெய்யூர், என் ஊர்

இதை எழுதும்போது இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. அக்காவிடம் சொல்லிவிட்டேன். எழுதலாமா என்று கேட்டேன். "பேரு ஒண்ணும் போடாத" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் நெய்யூர் வழியாக வந்தேன். 1838இல் ராம்சே மருத்துவர் தொடங்கிய மிஷன் மருத்துவமனை அங்கே இருக்கிறது. என் அம்மாவுக்கு நாங்கள் இருவரும் பிறந்தது அங்கேதான். அங்கே பணியாற்றிய சாமர்வெல் மருத்துவரைப் பற்றி ஒரு செய்தி. 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் அவர் இருந்தார். ஜூன் 7 அன்று பனிச்சரிவில் 7 சுமைதூக்கிகள் மாண்டார்கள். ஏறியவர்களில் வெள்ளைக்காரர் எல்லோரும் பிழைத்தார்கள். தங்களில் ஒருவராவது அவர்களோடு மாண்டிருக்கக் கூடாதா என்று அவர் வேதனையோடு எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்டு, லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே பணிசெய்ய வந்துவிட்டார். அவர் உள்ளத்தில் இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை அவரும் ஆண்டவருமே அறிவார்கள். நான் என்னைக் கேட்டுக்கொண்டேன்: இத்தனை ஆண்டுகள் அக்காவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினேனே, அவள் மகளின் கல்லூரிச் செலவை ஏற்றேனே, அது அன்பா, வட்டியா? அடகுச் சீட்டைத் திருப்பி வைப்பவர்கள் வட்டியை மட்டும் கட்டி ஓராண்டு தள்ளிப்போடுவார்கள். முதல் தொகையில் ஒரு ரூபாய் குறையாது.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஆலயத்தில் மும்மணி தியான ஆராதனை தொடங்கியது. சிலுவையில் இயேசு உரைத்த ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பகிர்ந்து பிரசங்கித்தார்கள். இரண்டாம் வார்த்தை, உடன் சிலுவையில் அறையப்பட்ட கள்ளனுக்குச் சொன்னது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." கள்ளன் என்ற சொல் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் 5 பவுன் சங்கிலியைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்தவன் நான். அப்போது எனக்கு வயது 27. சென்னையில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து தொழில் தொடங்கப் பணம் தேவைப்பட்டது. மூன்று மாதத்தில் மீட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன் என்று நம்பி ஓர் அடகுக் கடையில் வைத்தேன். தொழில் கவிழ்ந்தது. கெடு தாண்டியது. நகை மூழ்கியது. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தது அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில். அப்போது அம்மா இருந்தது அக்கா வீட்டில். அத்தானுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. யாரும் எதையும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவையில்லாதபடி எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது. "நான் எடுக்கல்ல" என்று அத்தான் ஒரே ஒரு முறை சொன்னாராம். அன்றிலிருந்து அம்மா பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். மூன்றாண்டு கழித்து அத்தான் குடியை விட்டார்; ஞாயிறுதோறும் முதல் ஆளாகப் போய் ஆலயத்தில் பாய் விரித்தார். ஆனாலும் சாவி முந்தானையிலேயே இருந்தது, அம்மா இறக்கும் வரை. ஒரு திருமணப் பந்தியில் உறவினர் ஒருவர் அத்தானைக் கள்ளன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதே வரிசையில் நான்காவது இலையில் நான் உட்கார்ந்திருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன். அத்தான் இறந்து 6 ஆண்டுகள் ஆகின்றன.

ஆராதனை முடிந்து கஞ்சி குடித்த பிறகு, பின்கட்டில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் என்னுடையதாக இல்லை. இன்றைய விலைக்கு 5 பவுனுக்கான பணத்தை ஓர் உறையில் கொண்டுவந்திருந்தேன். அதை அவள் முன் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்து, "இத வச்சு அவருக்க பேரு திரும்பக் கிடைக்குமா மக்களே?" என்று கேட்டாள். எழுந்து உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள், சனி

இன்று எங்கும் போகவில்லை. அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு வைத்தாள். எனக்குப் பரிமாறிவிட்டு, என்னோடு உட்காராமல் அடுக்களையில் தனியே சாப்பிட்டாள். பணம் வைத்த உறை நான் வைத்த இடத்திலேயே பின்கட்டுத் திண்ணையில் கிடந்தது. அதன்மேல் காற்றில் பறக்காதிருக்க யாரோ ஒரு கல்லை வைத்திருந்தார்கள். அவளாகத்தான் இருக்கும்.

கிறிஸ்தவர்களாகிய நமக்குள் ஒரு பழக்கம் உண்டு. பாவத்தை அறிக்கை செய்த கணமே, கேட்டவர் கண்ணீரோடு கட்டியணைத்து மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தேவன் மன்னித்துவிட்டார், நீ மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறாய் என்று பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்குகிறோம். அது பெரும் அநியாயம். அக்கா இழந்தது சங்கிலியை அல்ல. தன் கணவரை நம்பாமல் வாழ்ந்த ஆண்டுகளை அவள் நேற்றுத்தான் முதன்முறையாக எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அவளும் அவரைச் சந்தேகித்தாள். நான் சொன்னது என் பாவத்தை இறக்கிவைத்தது; அவள் முதுகில் ஒன்றை ஏற்றியும் வைத்திருக்கிறது.

லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரிவசூலிப்பவனான சகேயுவின் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்னதையே பிரசங்கங்களில் அழுத்திக் கேட்டிருக்கிறேன். இம்முறை வரிசையைக் கவனித்தேன். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னது முதலில்; சகேயு செலுத்துகிறேன் என்றது அதன் பிறகு. அவன் கணக்கைத் தீர்த்த பிறகு ஆண்டவர் வீட்டுக்குள் வரவில்லை. அவர் வந்ததனால் அவனுக்குக் கணக்கைத் திறக்கும் துணிவு வந்தது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கோ திருப்பிச் செலுத்த ஒரு நாள் கூட மிச்சமில்லை. இருவருக்கும் "இன்றைக்கு" என்ற ஒரே சொல்லை அவர் கொடுத்திருக்கிறார்.

நான் உறையில் பணம் வைத்துக்கொண்டு வந்தவன். கணக்கை முடித்துவிட்டு, அதன்பின் மன்னிப்பை உரிமையாகக் கேட்கலாம் என்று என் மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஏசாயாவில் ஒரு வசனம்: "விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள்." மூழ்கிப்போன நகையை எந்தக் கடையும் திருப்பித் தராது, அது உருகி வேறு யாருடைய கழுத்திலோ வேறு உருவில் கிடக்கும். மீட்கவே முடியாதபடி மூழ்கியதை மீட்க ஒருவர் இறங்கி வந்தார் என்பதைத்தான் நேற்று மூன்று மணி நேரம் தியானித்தோம். அதை நான் நம்புகிறேன். நம்பிக்கொண்டே, அடுக்களையில் பாத்திரம் துலக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பேச வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன.

மாலையில் அவள் மகளிடம் தொலைபேசியில் பேசினேன். சொல்லவேண்டியதை அவளிடமும் சொன்னேன். அவள் அழுதாள். பந்தியில் கள்ளன் என்று சொன்ன உறவினருக்கும் பேசினேன். அவருக்கு அந்தச் சம்பவமே நினைவில் இல்லை.

ஆறாம் நாள், ஞாயிறு

அதிகாலை மூன்றரை மணிக்கு அக்கா என் அறைக் கதவைத் தட்டினாள். "எழும்பு, கோயிலுக்கு நேரமாச்சு" என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் தானாகப் பேசிய முதல் சொல் அது.

இருட்டோடு இருட்டாக ஆராதனை தொடங்கியது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்ற பாடல் எழும்போது ஆலயத்தின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. திருவிருந்துக்கு அழைப்பு வந்தபோது நான் எழத் தயங்கினேன். பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, தலையை அசைத்து முன்னே போகச் சொன்னாள். போனேன். அப்பத்தைக் கையில் வாங்கினேன். 23 ஆண்டுகள் மாதந்தோறும் வாங்கியதுதான். இன்று கை நடுங்கியது.

விடிந்ததும் எல்லோரும் ஆலயத்தின் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நேற்றே வெள்ளையடித்து, செம்பருத்தியும் அரளியும் வைத்து அலங்கரித்திருந்தார்கள். அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். பிறகு அக்கா நான்கு வரிசை தள்ளி அத்தானின் கல்லறைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். அவள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, காற்றுக்கு மறைப்பாகத் தன் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கிட்ட சொன்னத அவருகிட்டயும் சொல்லு."

நாங்கள் மரித்தோரிடம் பேசுகிறவர்கள் அல்லர். எங்கள் சபையின் போதனையில் அதற்கு இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும். அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் ஊரார் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும் என்பதற்காகவே அவள் அந்த நேரத்தைத் தேர்ந்திருந்தாள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. நான் சொன்னேன். அத்தான், அம்மாவுக்க சங்கிலிய எடுத்தது நான்தான் என்று, குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். நீங்கள் எடுக்கவில்லை என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் தலையிலிருந்த துண்டை எடுத்தார். அக்கா தன்னைப் பற்றியும் ஏதோ சொன்னாள்; அது அவருக்கு மட்டும் கேட்கும்படி இருந்தது, நான் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏற ஏழெட்டுப் படிகள் உண்டு. அக்காவுக்கு முட்டுவலி. இரண்டாம் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், பிடித்துக்கொள்வதற்காக என்னிடம் கையை நீட்டினாள்.